கருநீலத்துக்குப் பக்கத்தில் கருப்பு: ஹெஸ்ஸிய வீரர்களுக்கு வண்ணம் தீட்டுவது எப்படி?

அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டன் கூலிக்கு அமர்த்திய ஜெர்மானியப் படையினரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஹெஸ்ஸ-காசெல் நாட்டிலிருந்து போனவர்கள். அவர்களில் க்னிப்ஹாவ்சன் ரெஜிமென்ட்டை (படைப்பிரிவு) பொம்மை வீரர்களாகச் செய்ய நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் டிரென்டன் ஊரில் நடந்த சண்டை. 1776 டிசம்பர் 26 அன்று அங்கே கடைசியாகச் சரணடைந்தது இந்தப் படைதான். அசன்பிங்க் ஓடையைக் கடந்து தப்பிக்கப் பார்த்து, முடியாமல் போனவர்கள்.

என்னுடையவை 28 மில்லிமீட்டர் உயரப் பொம்மைகள். சுத்தம் செய்து கருப்பு பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, ஒரு ராத்திரி காயவிடுங்கள்.

முதலில் கோட். வயேஹோ (Vallejo) நிறுவனத்தின் டார்க் பிரஷ்யன் ப்ளூ என்ற கருநீலத்தைத் தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கரைத்து இரண்டு பூச்சு. மடிப்புகளின் பள்ளத்தில் பிரைமரின் கருப்பை அப்படியே விடுங்கள். உள்சட்டையும் காற்சட்டையும் வைக்கோல் நிறம், குறுக்குப் பட்டைகள் வெள்ளை, கோட்டின் கீழே மடித்துவிட்ட ஓரம் சிவப்பு. இதில் சிரமம் ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் சிக்கல். இந்த ரெஜிமென்ட்டின் மார்பு மடிப்பும் கைப்பட்டையும் கருப்பு. என் முதல் எட்டுப் பேருக்கும் சுத்தக் கருப்பைப் பூசினேன். கையில் வைத்துப் பார்த்தபோது அழகாக இருந்தது. மேசையில் அடுக்கி மூன்றடி தள்ளி நின்றால் நீலமும் கருப்பும் ஒன்றாகக் கலந்து, கோட் ஒரே இருட்டாகிவிட்டது. எட்டையும் திரும்பப் பூசினேன்.

சரி, வழி இதுதான். நீலத்தில் கொஞ்சம் வெளிர்நீலம் கலந்து தோள், முழங்கை, மடிப்பின் முகடுகளில் மட்டும் தொடுங்கள். கண்ணுக்குக் கொஞ்சம் அதிகம் என்று தோன்றும் அளவுக்கு வெளுப்பாக இருக்கட்டும். மார்பு மடிப்புக்குக் கருப்பு வேண்டாம், பிளாக் க்ரே என்ற கருஞ்சாம்பல் பூசுங்கள். அதன் விளிம்பில் நடுத்தரச் சாம்பலில் ஒரு மெல்லிய கோடு. நீலமும் சாம்பலும் சந்திக்கும் இடத்தில் முடிபோலக் கருப்புக் கோடு தெரிய வேண்டும். கடைசியாக மஞ்சள் பொத்தான்களைப் புள்ளி வையுங்கள். தூரத்திலிருந்து மார்பு மடிப்பைக் காட்டிக்கொடுப்பவை அந்தப் பொத்தான்கள்தான்.

இதற்கு 000 எண் கொண்ட மிக மெல்லிய பிரஷ் வாங்காதீர்கள். பொம்மையைத் தொடுவதற்குள் அதன் நுனியில் வண்ணம் காய்ந்துவிடும். கூர்நுனி உள்ள 1-ஆம் எண் சேபிள் (விலங்கு முடி) பிரஷ் ஒன்று போதும். விலை கூடுதல்தான், ஆனால் கோடு நடுவில் அறுந்துபோகாது.

தொப்பியின் முன்தகடு பித்தளை. முதலில் பழுப்பு, மேலே பித்தளை வண்ணம். பள்ளங்களில் பழுப்பு மையை நீர்க்கக் கரைத்து ஓடவிட்டால் தகட்டில் உள்ள சிங்கமும் பூவேலையும் தெளிந்து வரும்.

பின்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்த இரண்டு பேர், கடைசியில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்ததும் தொப்பி மங்கிவிட்டதாகச் சொன்னார்கள். உண்மைதான், வரிசையை நான் சரியாகச் சொல்லவில்லை. வார்னிஷ் காய்ந்த பிறகு பித்தளை வண்ணத்தைத் தகட்டின் முகடுகளில் மட்டும் இன்னொரு தடவை தொடுங்கள். துப்பாக்கிக் குழலுக்கும் அப்படியே, வெள்ளி வண்ணத்தில்.