பந்தயக் கணக்குக்கு முன் ரவுட்டரைப் பூட்டுங்கள்

பிரிட்டன் போல இணையச் சூதாட்டம் சட்டப்படி நடக்கும் நாடுகளில், பலர் பந்தயக் கணக்கில் பணம் வைத்திருக்கிறார்கள். கணக்கின் கடவுச்சொல்லைக் கவனமாகத் தேர்ந்தெடுப்பவர்கள்கூட, வீட்டு மூலையில் கண்சிமிட்டும் ரவுட்டரைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதல் வேலையாக, ரவுட்டர் அமைப்புகளுக்குள் சென்று டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்துவிடுங்கள். எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தால் வைஃபை இணைப்புத் தரும் வசதி இது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். ஆனால் முதல் நான்கு இலக்கங்கள் தனியாகச் சரிபார்க்கப்படுகின்றன. கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. ஆக, முதல் நான்குக்கு 10,000, அடுத்த மூன்றுக்கு 1,000 என அதிகபட்சம் 11,000 முறை முயன்றாலே எண் கிடைத்துவிடும். இந்த ஓட்டை 2011இலேயே வெளிச்சத்துக்கு வந்தது. வைஃபை கடவுச்சொல் எத்தனை நீளமாக இருந்தாலும் இந்த வழியை அது தடுக்காது.

அடுத்தது, ரவுட்டர் அமைப்புகளைத் திறக்கும் நிர்வாகக் கடவுச்சொல். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. ‘அட்மின்’ என்றே விட்டுவைத்தால், உள்ளே நுழைந்தவர் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கொண்டு அதன் இணைய முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் சேவை) முகவரியை மாற்றி உங்களைப் போலித் தளத்துக்குத் திருப்பிவிடலாம். தளம் உண்மையானதுதானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என உலாவி சான்றிதழ் எச்சரிக்கை காட்டினால், மீறித் தொடராமல் வெளியேறுங்கள்.

வைஃபை குறியாக்க முறையாக டபிள்யூ.பி.ஏ.3, இல்லையேல் டபிள்யூ.பி.ஏ.2 என்பதைத் தேர்ந்தெடுங்கள். எளிதில் உடைக்கக்கூடிய பழைய முறையான டபிள்யூ.இ.பி. மட்டுமே தெரிந்த ரவுட்டரைத் தயங்காமல் தூக்கிப் போடலாம். விருந்தினர்களுக்குத் தனி வைஃபை வையுங்கள். கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, மீதிப் பணத்தை அவ்வப்போது வங்கிக்கு மாற்றிவிடுங்கள்.