ஓவன் வேண்டாத வெள்ளைச் சாக்லேட் சலாமி

அம்மா குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கத்து அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், இருபத்திரண்டு ஆண்டுகள் பருப்பு உடைத்தார். அங்கே முழுப் பருப்புக்குத்தான் மதிப்பு. சுத்தியல் இம்மி பிசகினால் பருப்பு இரண்டாகும், நான்காகும். தரம் பிரிக்கும்போது அது வேறு பெட்டிக்குப் போய்விடும். விலை குறைவு என்பதால் கிறிஸ்துமஸுக்கு அந்தத் துண்டுப் பருப்பைத்தான் அம்மா வீட்டுக்கு வாங்கி வருவார். இந்த இனிப்புக்கு நான் தேடிப் போய் வாங்குவதும் அதையேதான். முழுப் பருப்பு இதற்குச் சரிப்படாது. வில்லை போடும்போது கத்தி அதில் தட்டி, வில்லையே பிளந்துபோகும்.

செய்முறை சித்தியிடமிருந்து வந்தது. அவர் கன்னியர் சபையில் சேர்ந்து, வட இத்தாலியில் பீட்மாண்ட் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் பணி செய்கிறார். அங்கே இதைச் 'சலாமே தி சொக்கொலாத்தோ' என்கிறார்கள். சலாமே என்பது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி உருளை. குறுக்கே வெட்டினால் சிவந்த இறைச்சியில் வெள்ளைக் கொழுப்பு புள்ளி புள்ளியாகத் தெரியும். கருஞ்சாக்லேட்டில் பிஸ்கட் துண்டுகளைக் கலந்து உருட்டி வெட்டினாலும் அதே தோற்றம் வருவதால் இனிப்புக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இறைச்சி துளியும் கிடையாது. வெள்ளைச் சாக்லேட்டில் செய்தால் பழத்தின் சிவப்பும் பிஸ்தாவின் பச்சையும் பளிச்சென்று தெரியும் என்பதால் எனக்கு அதுதான் பிடித்தது. பீட்மாண்ட் ஹேசல் கொட்டைக்குப் பேர்போன இடம். சித்தி அதைப் போடுகிறார். சிசிலித் தீவில் ப்ரோன்தே ஊரின் பிஸ்தா புகழ்பெற்றது. நம் மாவட்டத்துக்கு அண்டிப்பருப்பு இருக்கிறது. அதை விட்டுவிட்டு விலை கூடிய ஹேசல் கொட்டையைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சித்தி சொன்ன அளவை முதல் வருடம் அப்படியே பின்பற்றினேன். முந்நூறு கிராம் சாக்லேட்டுக்கு நூறு கிராம் வெண்ணெய். ஃபிரிட்ஜில் இருந்தவரை கல்லாக நின்றது. கிறிஸ்துமஸ் மதியம் விருந்தினர் முன் தட்டில் வைத்துக் கால் மணி நேரம் ஆவதற்குள் வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சரிந்துவிட்டன. அன்று அழுகையே வந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. வெள்ளைச் சாக்லேட்டின் உயிர் கொக்கோ வெண்ணெய். அது ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில் உருகும். சாதாரண வெண்ணெய் அதற்கும் முன்பே இளகிவிடும். பீட்மாண்டில் டிசம்பர் என்றால் கம்பளி போர்த்தும் குளிர். நமக்கு டிசம்பரிலும் நண்பகலில் மின்விசிறி வேண்டும். ஆகவே இப்போது வெண்ணெயைப் பாதியாக்கிவிட்டேன். பழைய இத்தாலியச் செய்முறைகளில் பச்சை முட்டையும் சேர்ப்பார்கள். "மக்களே, நம் ஊர்ச் சூட்டுக்கு அது வேண்டாம்" என்று சித்தியே சொல்லிவிட்டார்.

இரண்டு உருளைகளுக்கு நான் எடுக்கும் அளவு இது: வெள்ளைச் சாக்லேட் 300 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 50 கிராம், மாரி பிஸ்கட் 150 கிராம், துண்டு அண்டிப்பருப்பு 100 கிராம், உப்பிடாத பிஸ்தா 30 கிராம், உலர்ந்த அன்னாசி 50 கிராம், உலர்ந்த கிரான்பெர்ரி 40 கிராம், ஒரு ஆரஞ்சின் தோல் துருவல், இரண்டு கிராம்பு, ஒரு சிட்டிகை உப்பு. கிரான்பெர்ரி கிடைக்காவிட்டால் கறுப்பு உலர்திராட்சை போதும். டூட்டி ஃப்ரூட்டி மட்டும் வேண்டாம்; அதன் சாயம் வெள்ளையில் இறங்கி, வெட்டிய முகம் திட்டுத் திட்டாகிவிடும். கிராம்பு என் சேர்க்கை. நம் மாவட்டத்து மாறாமலையில் விளையும் கிராம்பு நம் வீடுகளில் பிரியாணிக்கும் பல்வலிக்கும் மட்டுமே பயன்படுகிறது. ஆரஞ்சுத் தோலோடு அதைச் சேர்த்துப் பாருங்கள், வெள்ளைச் சாக்லேட்டின் திகட்டல் அடங்கிவிடும்.

சாக்லேட் வாங்கும்போது உறையைத் திருப்பிப் படியுங்கள். பொருள் பட்டியலில் கொக்கோ வெண்ணெய் இருந்தால் அது வெள்ளைச் சாக்லேட். அதற்குப் பதில் தாவரக் கொழுப்பு இருந்தால் அது காம்பவுண்ட். காம்பவுண்ட் வெயிலைக் கொஞ்சம் தாங்கும், விலையும் குறைவு, ஆனால் நாக்கில் மெழுகு படிந்தது போல இருக்கும். வெளியூருக்கு அனுப்பும் ஆர்டருக்கு, வாங்குபவரிடம் சொல்லிவிட்டு, காம்பவுண்டையே எடுக்கிறேன். வீட்டுக்கு ஒருபோதும் காம்பவுண்ட் இல்லை. நாகர்கோவிலில் வாங்குவதானால் காலையிலேயே போய்த் திரும்பிவிடுங்கள். மதிய பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தால் வீடு சேரும்போது அது பாயசமாகியிருக்கும்.

இனி ஈரம். இந்த இனிப்பில் பாதி வேலை ஈரத்தைத் துரத்துவதுதான், அதிலும் கடற்காற்று வீசும் நம் ஊரில்.

அன்னாசியை, நம் வீடுகளில் சொல்வதுபோல் கைதச்சக்கையை, முந்தின நாளே தயார் செய்கிறேன். குலசேகரம் பக்கம் ரப்பர் கன்றுகளுக்கு இடையே விளைவது எனக்குப் பிடித்தம். புளிப்பும் இனிப்பும் சரிக்குச் சரி. சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கிய இரண்டு கோப்பைத் துண்டுகளில் அரைக் கோப்பை சீனி போட்டு, அகன்ற உருளியில் சிறு தீயில் வைத்தால் முதலில் நீர் விடும், பிறகு அந்த நீர் வற்றும். அடியில் பாகு ஒட்டத் தொடங்கும்போது இறக்கித் தட்டில் பரப்புங்கள். வெயில் இருந்தால் இரண்டு நாள் மொட்டைமாடி போதும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெயிலை நம்ப முடியாது. அப்போது தோசைக்கல்லை மிகச் சிறு தீயில் வைத்து, அதன் மேல் தட்டை வைத்து, அடிக்கடி புரட்டி உலர்த்துவேன். ஒரு துண்டை இரண்டு விரலால் அழுத்தினால் சாறு வரக் கூடாது, விரலில் லேசாக ஒட்ட வேண்டும். ஐம்பது கிராமுக்கு மேல் இருப்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

பருப்பையும் பிஸ்தாவையும் எண்ணெய் இல்லாமல் வெறும் சட்டியில் வறுங்கள். அண்டிப்பருப்பு சட்டென்று கருகும் என்பதால் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. பொன்னிறம் வருவதற்குச் சற்று முன்பே இறக்கிவிட்டால் மிச்ச நிறத்தைச் சட்டியின் சூடே கொடுத்துவிடும். முழுதாக ஆறிய பிறகுதான் சாக்லேட்டில் சேர்க்க வேண்டும். பிஸ்கட்டைக் கையால் நகக்கண் அளவுக்கு உடையுங்கள். மிக்ஸியில் போட்டால் தூளாகி, வெட்டும்போது புள்ளிகளே தெரியாது.

சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, துடைத்து உலர்த்திய எவர்சில்வர் கிண்ணத்தில் போடுங்கள். ஒரு பாத்திரத்தில் இரண்டு விரல் உயரத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகுதான் கிண்ணத்தை மேலே வைக்க வேண்டும்; அதன் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. வெள்ளைச் சாக்லேட்டில் பாலும் சீனியும் அதிகம் என்பதால் கருஞ்சாக்லேட்டைவிடச் சீக்கிரம் அடிபிடித்துத் திரியும். முக்கால்வாசி உருகியதும் இறக்கி, மீதியைக் கிளறியே உருக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும், ஏன் நீராவி பட்டாலும், சாக்லேட் இறுகி மணல் மணலாகிவிடும். அப்படி ஆனால் கொட்டிவிடாதீர்கள். சூடான கிரீமைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக் கிளறினால் மறுபடி குழையும். உருளை கொஞ்சம் மென்மையாக இருக்கும், அவ்வளவுதான்.

உருகிய சாக்லேட்டில் இளகிய வெண்ணெய், உப்பு, ஆரஞ்சுத் துருவல், பொடித்த கிராம்பு ஆகியவற்றைக் கலந்து ஆறவிடுங்கள். கரண்டியைத் தூக்கினால் கெட்டியான இட்லி மாவு போல மெதுவாக விழ வேண்டும். சூடாக இருக்கும்போது கலந்தால் உருட்டவே வராது. பதம் வந்ததும் பழம், பருப்பு, பிஸ்கட் எல்லாவற்றையும் கொட்டி அடியிலிருந்து புரட்டுங்கள். பார்வைக்குப் பிஸ்கட் கூடுதலாகத் தெரியும். பயந்து சாக்லேட்டைக் கூட்ட வேண்டாம்.

கலவையில் பாதியைப் பட்டர் பேப்பரில் நீளமாக வைத்து, பேப்பரை மடித்து, ஒரு அளவுகோலால் அணைத்து இறுக்குங்கள். குழலிலிருந்து தள்ளிய புட்டின் பருமன் இருந்தால் சரி. உள்ளே காற்று நின்றால் வெட்டும்போது அந்த இடம் உதிரும் என்பதால் இறுக்கத்தில் தயக்கம் வேண்டாம். இரு முனைகளையும் மிட்டாய்த் தாள் போல முறுக்கி ஃபிரிட்ஜில் வையுங்கள். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே எடுத்து மேசையில் ஒருமுறை உருட்டினால் அடிப்பக்கம் தட்டையாகாது. பிறகு ஐந்து மணி நேரம் அதைத் தொடவே வேண்டாம். ஃப்ரீசரில் வைத்தால் வெளியே எடுத்ததும் முத்து முத்தாக வியர்க்கும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தாலும் கொஞ்சம் வியர்க்கத்தான் செய்யும். எனவே பேப்பரை உடனே பிரிக்காமல் பத்து நிமிடம் அப்படியே வைத்து, வெளிப்புற ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகு பிரிக்கிறேன். நான்கு கரண்டி பொடித்த சீனியில் ஒரு கரண்டி சோளமாவு கலந்து மேலே பூசுங்கள். தனிச் சீனி கரைந்து பிசுபிசுக்கும். உண்மையான சலாமியைப் போல நூலால் கட்டுவது இத்தாலியில் வழக்கம். தோவாளைப் பூச்சரம் போல வாழைநாரால் கட்டிப் பார்த்தேன். நாரை நனைத்தால்தான் வளைகிறது, நனைத்தாலோ சீனி கரைகிறது. வெள்ளைப் பருத்தி நூலுக்கே திரும்பிவிட்டேன்.

கத்தியை வெந்நீரில் முக்கி, நன்றாகத் துடைத்து, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் அறுக்கும் அசைவில் வெட்டுங்கள். மேலிருந்து அழுத்தினால் உடையும். ஓரத்து வில்லைகள் வடிவாக வருவதில்லை. அவை தமக்கு என்று அம்மா சொல்லிவிட்டார். வேண்டியதை மட்டும் வெட்டிக்கொண்டு மீதியை உருளையாகவே காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் பத்து நாள் நன்றாக இருக்கும். பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் வெட்டாத உருளையைக் கொடுத்து, உண்ணும் நேரத்தில் வெட்டச் சொல்லுங்கள்.