ஜம்ப் ஏறணுமா? முதல்ல ஒழுங்கா இறங்கக் கத்துக்கோங்க: வளர்ற பசங்களுக்கு பேஸ்கட்பால் ஃபிட்னஸ்

சம்மர் கேம்ப் ஆரம்பிச்சா போதும், தஞ்சாவூரா இருந்தாலும் மன்னார்குடியா இருந்தாலும் பெத்தவங்க கேக்குற முதல் கேள்வி ஒண்ணுதான், வெயிட் தூக்குனா புள்ளைக்கு உயரம் நின்னுடுமா சார்னு. நிக்காது. பக்கத்துல ஆள் நின்னு சொல்லிக்கொடுத்து, அளவா பண்ணுனா வளர்ச்சி பாதிக்காதுன்னு குழந்தைங்க டாக்டருங்களே சொல்லிட்டாங்க. பசங்க கேக்குற கேள்வி வேற, ரிங்க தொட என்னண்ணே பண்ணணும்னு. 10 அடி ரிங்கு, ஏழாவது படிக்கிற பய, ரீல்ஸ்ல எவனோ கால்ல வெயிட் கட்டிக்கிட்டு குதிக்கிறத பாத்துட்டு இவனும் சிமெண்ட் கோர்ட்ல தினம் நூறு இருநூறுன்னு குதிக்கிறது, ரெண்டு மாசத்துல முட்டி வலின்னு ஒக்காந்துடறது. இது 12லேர்ந்து 16 வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும், அவங்கள பாத்துக்குற பி.இ.டி. சாருங்களுக்கும் எழுதுறேன்.

முதல்ல இறங்குறது. கோர்ட் ஓரத்துல ஒரு அடி ஒசரத்துக்கு ஒரு படியோ திண்ணையோ இருக்கும்ல, அதுல ஏத்தி நிப்பாட்டி, குதிக்காம சும்மா அடி எடுத்து வச்சு ரெண்டு கால்லயும் இறங்கச் சொல்லுங்க, இறங்கி மூணு செகண்ட் அப்படியே சிலை மாதிரி நிக்கணும். காத வச்சுக் கேளுங்க. தொம்முன்னு சத்தம் வந்தா முட்டியும் இடுப்பும் மடங்கல, கால் விறைப்பா இருக்குன்னு அர்த்தம். அப்புறம் நேர் முன்னாடி நின்னு போன்ல ஸ்லோ மோஷன்ல எடுங்க. நிறைய பேருக்கு, முக்கியமா பொண்ணுங்களுக்கு, இறங்குற அந்த நொடியில ரெண்டு முட்டியும் உள்ள ஒண்ணையொண்ணு பாத்து சாயும், பாதம் உள்பக்கம் அமுங்கும், அப்புறம் எந்திரிக்கும்போது நேராயிடும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஏசிஎல், அதாவது முட்டிக்குள்ள எலும்ப இழுத்துப் பிடிச்சு வைக்கிற தசைநார், கிழியறதெல்லாம் பெரும்பாலும் இந்த மாதிரி இறங்கும்போதும் சட்டுன்னு திரும்பும்போதும்தான், அடுத்தவன் மேல வந்து மோதாமயே கிழியும், பொண்ணுங்களுக்கு பசங்கள விட ரிஸ்க் அதிகம். அந்த வீடியோவ அந்தப் புள்ளைக்கே காட்டுங்க, முட்டி கால்விரல் இருக்குற பக்கம் பாக்கணும், இடுப்ப பின்னாடி தள்ளி ஒக்காருன்னு சொன்னா நாலஞ்சு தடவையிலயே வித்தியாசம் தெரியும்.

இது சுத்தமா வந்தப்புறம்தான் குதிச்சு இறங்கி நிக்கிறது, அப்புறம் பக்கவாட்டுல, அப்புறம் ஒத்தக்கால்ல. ஒத்தக்காலுக்கு புதுசா ஒண்ணும் வேணாம், நொண்டி ஆட விடுங்க. நாலு தாவு தாவி நிக்கணும், ஆடாம நிக்கணும். கடைசியா போர்டுல பந்த அடிச்சு ரீபவுண்ட் எடுத்து இறங்குறது, ஏன்னா கண்ணு பந்து மேல இருக்கும்போது கால் பழைய புத்திய காட்டும். ஒரு செஷனுக்கு மொத்தமே 50, 60 ஜம்ப் போதும், வாரத்துல ரெண்டு நாள். ப்ராக்டிஸ்ல லே அப்புக்கும் (ஓடி வந்து ரிங்குகிட்ட குதிச்சு பந்து போடுறது) ரீபவுண்டுக்கும் குதிக்கிறது வேற தனியா இருக்குல்ல.

ஸ்ட்ரெங்த்துக்கு ஜிம் தேடி அலைய வேணாம், நம்ம ஊருல பஸ்கி தண்டால்னு தாத்தா காலத்துலேர்ந்தே இருக்குறதுதான். வாரம் ரெண்டு நாள், நடுவுல ஒரு நாளாவது கேப் விட்டு, அரைமணி நேரம். பஸ்கின்னா குதிகால் தரைய விட்டு எந்திரிக்கக் கூடாது, தோப்புக்கரணம் வேகவேகமா போட்டு பழகுன பசங்க குதிகால தூக்கிடுவாங்க, மெதுவா மூணு எண்ணி இறங்கச் சொல்லுங்க. அடுத்து கீழ கிடக்குற நெல்லு மூட்டையத் தூக்க குனியற மாதிரி, முதுகு கூன் போடாம இடுப்புலேர்ந்து மட்டும் மடங்குறது. இதுக்கு ஒரு வெளக்கமாத்துக் குச்சிய முதுகோட வச்சுப் பிடிச்சுக்கணும், பின்மண்டை, நடுமுதுகு, வால் எலும்பு மூணு எடத்துலயும் குச்சி ஒட்டியே இருக்கணும், எங்கயாவது விலகுனா தப்பு. தண்டால் தரையில வரலன்னா பெஞ்சுல கைய வச்சு போடட்டும், அதுல ஒரு அவமானமும் இல்ல. அப்புறம் ஒத்தக்கால முன்னாடி வச்சு இறங்குற லஞ்ச், ஸ்டெப் அப் (படியில ஏறி இறங்குறது), குதிகால தூக்கி எறக்குறது, ப்ளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊனி ஒடம்ப பலகை மாதிரி நேரா பிடிச்சு நிக்கிறது), சைட் ப்ளாங்க் (அதையே பக்கவாட்டுல). பார் இருந்தா தொங்கவாவது விடுங்க. ரெண்டு ரெண்டு பேரா இருந்தா ஒருத்தன் முட்டி போட்டு நிக்க, இன்னொருத்தன் பின்னாடி கணுக்கால அமுக்கிப் பிடிச்சுக்க, ஒடம்ப நேரா வச்சு மெதுவா முன்னாடி சாயறது, பின் தொடைக்கு இத விட நல்லது கிடையாது, ஆனா முதல் வாரம் மூணு நாலு தடவைக்கு மேல வேணாம், மறுநாள் மாடிப்படி ஏற முடியாது.

எல்லாமே ரெண்டு மூணு செட், 8லேர்ந்து 12 தடவை, இன்னும் ரெண்டு தடவ முடியும்ங்கற நெலமையில நிறுத்திடணும். 12 தடவ சுத்தமா, சுலபமா வந்துட்டா வெயிட் சேருங்க. ஸ்கூல் பேக்ல புத்தகத்த அடுக்கி நெஞ்சோட கட்டிப்பிடிச்சுக்கிட்டு பஸ்கி போடலாம், 5 லிட்டர் எண்ணெய் கேன்ல தண்ணி ரொப்பி ரெண்டு கையிலயும் தூக்கிக்கிட்டு கோர்ட்ட சுத்தி நடக்கலாம், லிட்டருக்கு ஒரு கிலோன்னு கணக்கும் ஈஸி. ஃபார்ம் கெட்டா வெயிட்ட குறைச்சிடுங்க.

இது எல்லாத்துக்கும் டெல்டாவுல நல்ல சீசன் மழைக்காலம்தான்னு நான் சொல்லுவேன். ஐப்பசி கார்த்திகையில வெளி கோர்ட் பூரா தண்ணி, வடிஞ்சாலும் பாசி பிடிச்சு வழுக்கும், அதுல ஆடி கணுக்கால் பெசகுறதுக்கு பதிலா ஸ்கூல் வராண்டாவுல ஆறு எட்டு வாரம் ஸ்ட்ரெங்த்தும் லேண்டிங்கும் மட்டும் பண்ணலாம். நம்மாளுங்க அந்த ரெண்டு மாசத்த லீவுன்னு விட்டுட்டு தை பொறந்ததும் திடீர்னு ஃபுல் ப்ராக்டிஸ் வைக்கிறாங்க, அப்பதான் வலின்னு வரிசையா வருவாங்க.

வளர்ற வேகத்தையும் பாத்துக்கணும். பொண்ணுங்களுக்கு 12 வயசு வாக்குல, பசங்களுக்கு 14 வாக்குல சரசரன்னு உயரும், ஆளுக்கு ஆள் மாறும். நெலவாசல்ல பென்சில்ல கோடு போட்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா அளங்க, 2 சென்டிமீட்டருக்கு மேல ஏறியிருந்தா அந்தப் புள்ளை இப்ப அந்த வேகத்துலதான் இருக்கு. அந்த நேரத்துல நேத்து வரைக்கும் போட்ட லே அப் இன்னிக்கு வராது, கால் தடுக்கும், சோம்பேறின்னு திட்டாதீங்க. ஜம்ப்ப குறைச்சிட்டு பேலன்ஸும் ஃபார்மும் பாருங்க. முட்டிச் சில்லுக்கு கீழ எலும்பு புடைச்சு தொட்டா வலிக்கும், இல்லன்னா குதிகால் பின்பக்கம் வலிக்கும், எலும்பு வளர்ற எடத்துல தசைநார் இழுக்குறதால வர்றது, பெரும்பாலும் ஓட்டமும் ஜம்ப்பும் குறைச்சா அடங்கும். ஆனா நொண்டி நடந்தா, வீங்கியிருந்தா, ராத்திரி தூக்கத்துல வலி எழுப்புனா எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுங்க, எண்ணெய் போட்டு நீவி உருவி விடற வேலை வேணாம்.

ஸ்டாமினாவுக்கு ஆத்தங்கரையில அஞ்சு கிலோமீட்டர் ஓடச் சொல்ற சாருங்க இன்னும் இருக்காங்க. எப்பவாவது ஓடுறதுல தப்பில்ல, ஆனா 28 மீட்டர் கோர்ட்ல நடக்குறது அது இல்லையே, அஞ்சு செகண்ட் பறந்து, நின்னு, பின்னாடி ஓடி, திரும்பப் பறக்குறது. 15 செகண்ட் முழு வேகம், 45 செகண்ட் நடை, இப்படி ஆறு தடவ, ரெண்டு நிமிஷம் ரெஸ்ட், இன்னொரு ஆறு. நடக்குற நேரத்துல ரெண்டு ஃப்ரீ த்ரோ போடட்டும், மூச்சு வாங்கும்போது போட்டு பழகுனாதான் நாலாவது குவார்ட்டர்ல விழும். அத விட பெட்டர், அரை கோர்ட்ல மூணுக்கு மூணு 10 நிமிஷம் ஆட விடறது. சின்னவங்களுக்கு வார்ம் அப்புக்கு கோட்டுல நின்னு மறிக்கிற கிளித்தட்டு வைங்க, டிஃபன்ஸ்ல பக்கவாட்டா நகர்றது தானா வந்துடும்.

சாப்பாட்டுல பவுடர் டப்பா வாங்குற காசுக்கு முட்டை, வேர்க்கடலை, மீன் வாங்குங்க, தாளடி அறுத்தப்புறம் வயல்ல வர்ற உளுந்துல களி கிண்டிக் குடுங்க. காலையில அஞ்சரைக்கு வெறும் வயித்தோட வர்ற புள்ளைக்கு ஒரு வாழைப்பழமாவது குடுத்து அனுப்புங்க. பொண்ணு சீக்கிரமே மூச்சு வாங்குது, சோர்ந்து போவுதுன்னா ஸ்டாமினா இல்லன்னு முடிவு பண்ணிடாம ரத்தத்துல ஹீமோகுளோபின் பாருங்க. கத்திரி வெயில்ல காலையில ஏழரைக்குள்ள முடிக்கணும், சாயங்காலம் அஞ்சுக்கு மேலதான், உப்புப் போட்ட நீர்மோர் எப்பவும் கூட இருக்கட்டும். தூக்கம் 8லேர்ந்து 10 மணி நேரம், போன வாங்கி வச்சுக்குறது உங்க சாமர்த்தியம்.

சோனல் மேட்ச் வாரம்னா ஸ்ட்ரெங்த் ஒரே ஒரு நாள், அதுவும் மூணு நாளைக்கு முன்னாடியே முடிச்சு, பாதி செட் போதும். மேட்சுக்கு முந்தின நாள் ஷூட்டிங் (ரிங்குல பந்து போட்டுப் பாக்குறது) மட்டும். ஒரே நாள்ல ரெண்டு மூணு மேட்ச் வரும், நடுவுல பிரியாணி வாங்கிக் குடுக்காதீங்க, இட்லி, பழம், தண்ணி. புது ஷூ வாங்குனா ஒரு வாரம் முன்னாடியே ப்ராக்டிஸ்ல போட்டு பழக்கிடுங்க, மேட்ச் அன்னிக்கு முதல் தடவையா போட்டா குதிகால் கொப்புளம் போட்டுடும்.