ஐஸ்லாந்தை வரைபடத்திலிருந்து படிப்பது எப்படி? வடசென்னைப் படிப்பக மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு நாட்டின் பொருளாதாரத்தைப் படிக்க உட்காரும் மாணவர்கள் பெரும்பாலும் தலைநகரம், நாணயம், மக்கள்தொகை, ஏற்றுமதிப் பொருள்கள் என்ற பட்டியலை மனப்பாடம் செய்வதிலிருந்து தொடங்குகிறார்கள்; தேர்வு முடிந்த சில நாள்களிலேயே அந்தப் பட்டியல் நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. தண்டையார்பேட்டையில் மாலை நேரப் படிப்பகம் ஒன்றில் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு உலகப் புவியியல் நடத்தும் நான், நிலத்தை முதலில் வரையச் சொல்லி, எண்களைக் கடைசியில்தான் எழுத விடுகிறேன். இந்த முறையைப் பழக ஐஸ்லாந்தைவிடப் பொருத்தமான நாடு இல்லை என்பது என் கருத்து. அது சிறிய தீவு நாடு. அங்கே ஒவ்வொரு தொழிலும் ஏன் அந்த இடத்தில் அமைந்தது என்பதை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிவிடலாம். மீன்பிடித் துறைமுகத்தையும் மின் நிலையத்தையும் சரக்குப் பெட்டக லாரிகளையும் தினமும் பார்த்து வளர்ந்த காசிமேட்டு, எண்ணூர்ப் பிள்ளைகளுக்கு அந்த நாட்டின் சிக்கல்கள் எளிதில் பிடிபடும் என்பதும் ஒரு காரணம்.

ஒரு சார்ட் அட்டை, நான்கு ட்ரேசிங் தாள்கள், பென்சில், மூன்று வண்ணப் பேனாக்கள் ஆகியவை போதும். அட்டையில் ஐஸ்லாந்தின் கடற்கரைக் கோட்டை மட்டும் பெரிதாக வரைந்துகொள்ளுங்கள். ஊர்ப்பெயர் எதுவும் இப்போது வேண்டாம். கிழக்கு மேற்காகச் சுமார் 500 கிலோமீட்டர், வடக்கு தெற்காகச் சுமார் 300 கிலோமீட்டர் என்ற அளவு சரியாக அமைந்தால் போதும். பரப்பளவு ஏறத்தாழ 1,03,000 சதுர கிலோமீட்டர்; நம் தமிழ்நாடு 1,30,000 சதுர கிலோமீட்டர். இவ்வளவு நிலத்தில் வாழ்பவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. இந்த ஓர் எண்ணை மட்டும் அட்டையின் மூலையில் முன்கூட்டியே எழுதிவைக்க அனுமதிக்கிறேன், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இது வேண்டியிருக்கும்.

முதல் ட்ரேசிங் தாளில் தென்மேற்கு மூலையிலுள்ள ரெய்க்யனஸ் தீபகற்பத்திலிருந்து தீவின் குறுக்கே வடகிழக்கு நோக்கி ஓர் அகலமான பட்டையைத் தீட்டுங்கள். அட்லாண்டிக் கடலடி மலைத்தொடர் நீருக்கு மேலே தலைகாட்டும் இடம் அது. வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வீதம் அங்கே விலகிக்கொண்டிருக்கின்றன. எரிமலைகளும் சுடுநீர் ஊற்றுகளும் பெரும்பாலும் அந்தப் பட்டையை ஒட்டியே இருக்கின்றன. அதே தாளில் நீல நிறத்தில் பனிப்பாறைகளைக் குறியுங்கள். நாட்டின் பத்தில் ஒரு பங்கு நிலம் பனிப்பாறைக்கு அடியில் கிடக்கிறது. அவற்றுள் மிகப் பெரியதான வாட்னயோகுல் தென்கிழக்கில் இருக்கிறது. நடுப்பகுதி மேட்டு நிலம் மக்கள் குடியேறாத பாலைபோன்ற வெளி. ஆகவே மனிதர்கள் வாழ்வதெல்லாம் கரையோரத்தில்தான் என்பது, ஒரு புள்ளிவிவரமும் பாராமல், இந்தத் தாளிலிருந்தே தெரிந்துவிடும். அதிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தலைநகரமான ரெய்க்யவிக்கையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்தவர்கள். ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே இருந்தும் அந்நகரின் சனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே நிற்கிறது. தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தை ஓர் அம்புக்குறியால் காட்டிவிட்டு அடுத்த தாளுக்குச் செல்லுங்கள்.

இரண்டாம் தாள் ஆற்றலுக்கு உரியது. முதல் தாளின் மேல் அதைப் பொருத்தி வையுங்கள். பனிப்பாறை உருகி ஓடிவரும் ஆறுகளின் மேல் நீர்மின் நிலையங்களும், நிலத்தடி வெப்பம் மேலெழும் பட்டையின் மேல் புவிவெப்ப நிலையங்களும் தாமாகவே வந்து உட்காரும். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீரிலிருந்தும், மீதி பெரும்பாலும் புவிவெப்பத்திலிருந்தும் கிடைக்கிறது. வீடுகளைச் சூடாக்குவதற்கு மின்சாரம் கூடத் தேவைப்படுவதில்லை. பத்தில் ஒன்பது வீடுகளுக்கு நிலத்தடிச் சுடுநீரே குழாய் வழியாக வருகிறது. நெஸ்யவெட்லிர் நிலையத்திலிருந்து ரெய்க்யவிக் வரை சுமார் 27 கிலோமீட்டர் நீளத்துக்குச் செல்லும் வெப்பக்காப்பிட்ட குழாயை ஒரு தனிக் கோடாக வரையுங்கள். 1930-இல் தலைநகரில் ஒரு பள்ளியிலும் சில கட்டடங்களிலும் தொடங்கிய இந்த ஏற்பாடு, 1973-இன் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிறகே நாடெங்கும் வேகமாகப் பரவியது. அதுவரை பல ஊர்களில் எண்ணெய் எரித்துத்தான் குளிர்காய்ந்தார்கள் என்பதைத் தேர்வில் எழுதும்போது விட்டுவிடக் கூடாது. இயற்கை அள்ளிக் கொடுத்ததுபோல் தோன்றும் வசதி, உண்மையில் அரசும் நகராட்சிகளும் கடன் வாங்கித் துளையிட்டுக் குழாய் பதித்து உருவாக்கியது.

மக்கள் இவ்வளவு குறைவாக இருக்க, அத்தனை மின்சாரமும் எங்கே போகிறது என்று இந்த இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மூலையில் எழுதிய எண் இப்போது உதவும். தலைக்கு இவ்வளவு மின்சாரம் உற்பத்தி செய்யும் நாடு உலகில் வேறில்லை. அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவை அலுமினிய உருக்காலைகளே எடுத்துக்கொள்கின்றன. தலைநகரை ஒட்டிய ஸ்ட்ராம்ஸ்விக் (1969), மேற்கில் குருண்டார்டாங்கி (1998), கிழக்கில் ரெய்தார்ஃபியர்துர் (2007) என மூன்று ஆலைகளைக் குறியுங்கள். மூன்றுமே ஆழமான துறைமுகக் கரையில் இருப்பதைக் கவனியுங்கள். ஐஸ்லாந்தில் பாக்சைட் கிடையாது. பாக்சைட்டிலிருந்து வேறு நாடுகளில் பிரித்தெடுத்த அலுமினா கப்பலில் வந்து இறங்கி, உலோகமாகி, மறுபடியும் கப்பலேறிப் போகிறது. மின்சாரத்தைக் கப்பலில் ஏற்ற முடியாத நாடு அதை உலோகமாக்கி விற்கிறது என்று நான் விளக்குவது வழக்கம்.

இதன் விலையையும் வரைபடத்தில் காட்ட வேண்டும். ரெய்தார்ஃபியர்துர் ஆலை ஒன்றுக்காகவே 690 மெகாவாட் காராநியூகர் நீர்மின் திட்டம் கட்டப்பட்டது. அதற்காக வாட்னயோகுலுக்கு வடக்கே மேட்டு நிலத்தில் 57 சதுர கிலோமீட்டர் நீரில் மூழ்கியது. கடுமையான எதிர்ப்பும் எழுந்தது. மாசில்லாத மின்சாரம் என்றாலும் அது யாருடைய நிலத்தை எடுத்தது என்ற கேள்வி எஞ்சும். கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து இறாலும் நண்டும் அற்றுப்போனதைப் பார்த்த எண்ணூர்ப் பிள்ளைகள் இந்தக் கேள்வியை நான் எழுப்பும் முன்பே எழுப்பினார்கள். அந்தக் கூர்மை விடைத்தாளிலும் வர வேண்டும்.

மூன்றாம் தாளில் கடல். இதற்கு மற்றத் தாள்களைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். முதலில் கரையைச் சுற்றி 200 கடல் மைல் எல்லையைக் கோடிடுங்கள். சார்ட் அட்டையில் இடம் போதாது, இன்னொரு தாளை ஒட்டிக்கொள்ள நேரிடும். அந்த எல்லைக்குள் அடங்கும் கடல் ஏறத்தாழ ஏழரை லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது நிலத்தைப்போல் ஏழு மடங்கு. ஐஸ்லாந்து உண்மையில் ஒரு கடல் நாடு என்பது அந்தக் கோட்டை வரைந்து முடிக்கும்போது கைக்கே புரியும். இந்த எல்லை சும்மா கிடைத்ததன்று. 1958-இல் 12 மைல், 1972-இல் 50 மைல், 1975-இல் 200 மைல் என்று ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை விரித்தபோதெல்லாம் பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. ஐஸ்லாந்தின் கடலோரக் காவல் கப்பல்கள் பிரிட்டிஷ் இழுவைப் படகுகளின் வலைக் கம்பிகளை அறுத்துவிட்டன. நிலையான இராணுவமே இல்லாத அந்த நாடு 1976-இல் வென்றது.

எல்லை கிடைத்துவிட்டால் மட்டும் மீன் பெருகிவிடாது. 1960-களின் இறுதியில் ஹெர்ரிங் மீன் அளவுமீறிய பிடிப்பால் அற்றுப்போய், அதை நம்பியிருந்த வடகரைச் சிக்லுஃபியர்துர் போன்ற ஊர்கள் நொடித்துப்போயின. எனவே 1984 முதல் காட் முதலிய தரைமீன்களுக்குக் கோட்டா முறை வந்தது. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அதை விற்கவும் வாங்கவும் கூடிய உரிமையாக விரிவுபடுத்தியது. இது செயல்படும் விதத்தை நம் ஊர் நடைமுறைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் தடைக்காலம். அது முடிந்த மறுநாள் காசிமேட்டிலிருந்து விசைப்படகுகள் ஒரே மூச்சில் கிளம்புகின்றன, அதற்குப் பிறகு எவ்வளவு பிடித்தாலும் கணக்கில்லை. அதாவது நாம் காலத்தை அளக்கிறோம். அவர்கள் எடையை அளக்கிறார்கள். செப்டம்பர் 1 முதல் ஆகஸ்டு 31 வரையிலான மீன்பிடி ஆண்டுக்கு, ஒவ்வோர் இனத்திலும் மொத்தம் இத்தனை டன்தான் பிடிக்கலாம் என்று கடலாய்வு நிறுவனத்தின் பரிந்துரையின்மேல் அமைச்சகம் அறிவிக்கிறது. ஒவ்வொரு படகுக்கும் அதில் இத்தனை விழுக்காடு பங்கு என்று பதிவாகியிருக்கும். கரைக்கு வரும் மீன் முழுவதும் துறைமுகத்திலேயே எடை போடப்பட்டுப் பங்கிலிருந்து கழிக்கப்படும். பிடித்த மீனைக் கடலில் திருப்பிக் கொட்டுவது குற்றம்.

காட் இனம் இம்முறையால் மீண்டது; ஆனால் பங்கு விற்கக்கூடிய சொத்தாகிவிட்டதால் பெரிய நிறுவனங்கள் அதை வாங்கிக் குவித்தன; படகு உரிமையாளர் ஒருவர் பங்கை விற்றுவிட்டு நகர்ந்தால் அந்த ஊரின் பதப்படுத்தும் கூடத்தில் வேலை செய்த குடும்பங்களும் வேலையிழந்தன. இன்றும் அந்நாட்டு அரசியலில் ஆறாத வாக்குவாதம் இது. ஈடாக மீன்வளத்துக்கான கட்டணமும், 2009-இல் கோடைகாலத்தில் சிறு படகுகள் கைத்தூண்டில் கொண்டு பங்கில்லாமலே பிடிக்கும் திட்டமும் வந்தன. "கடல்ல இருக்கிற மீனு எப்படி சார் ஒருத்தருக்குச் சொந்தமாகும்?" என்று கேட்ட காசிமேட்டு மாணவிக்கு, சட்டம் மீன்வளத்தை நாட்டின் பொதுச்சொத்து என்றே சொல்கிறது, உரிமை பிடிப்பதற்கு மட்டும்தான் என்று பதில் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மறுப்பையே விடையின் இரண்டாம் பத்தியாக எழுதச் சொன்னேன், அது நல்ல விடையாகவும் அமைந்தது.

பிடிபட்ட மீனில் எதையும் வீணாக்காத தொழில்நுட்பத்தைப் பற்றி இரண்டு வரி சேருங்கள். காட் தலைகளைப் புவிவெப்பத்தில் உலர்த்தி நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அவை குழம்புக்குப் போகின்றன. ஈசாஃபியர்துர் ஊரில் காட் தோலிலிருந்து புண்ணாற்றும் மருத்துவப் பொருள் தயாரிக்கிறார்கள். இரண்டாம் தாளின் வெப்பமும் மூன்றாம் தாளின் மீனும் சந்திக்கும் இடங்கள் காட் தலை உலர்த்தும் கூடங்கள் போன்றவையே.

எரிமலையும் துறைமுகமும் சந்தித்த ஒரு நிகழ்வை மட்டும் விரிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். தெற்கே ஹெய்மே என்ற தீவில் 1973 சனவரி 23 அதிகாலை, ஊருக்குப் பக்கத்திலேயே தரை பிளந்து எரிமலை கக்கியது. முந்தைய நாள் புயலால் மீன்பிடிப் படகுகள் கடலுக்குப் போகாமல் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன; அதனால் சுமார் 5,300 பேரை அந்த இரவிலேயே பெருநிலத்துக்கு ஏற்றிச் செல்ல முடிந்தது. எரிகுழம்பு துறைமுக வாயை அடைக்க நகர்ந்து வந்தபோது, வாரக்கணக்கில் கடல்நீரை இறைத்து அதன்மேல் பாய்ச்சி உறையவைத்தார்கள். ஏறக்குறைய 400 வீடுகள் போயின; துறைமுகம் தப்பியது. உறைந்த குழம்பு அலைதடுப்புச் சுவரைப்போல் நின்று துறைமுகத்துக்கு முன்னிலும் நல்ல பாதுகாப்பைத் தந்தது. துறைமுகம் போயிருந்தால் மக்கள் திரும்பிவர அங்கே பிழைப்பே இருந்திருக்காது.

நான்காம் தாளில் போக்குவரத்தை வரையுங்கள். இது விரைவில் முடியும். தீவைச் சுற்றி ஓடும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலையின் நீளம் சுமார் 1,320 கிலோமீட்டர். தென்கரையில் பனிப்பாறை ஆறுகள் அலைந்து திரியும் மணல்வெளியில் பாலங்கள் கட்டி முடித்த 1974-இல்தான் வட்டம் முழுமையடைந்தது. 1996-இல் பனிப்பாறைக்கு அடியில் எரிமலை வெடித்து வந்த வெள்ளம் அவற்றின் சில பகுதிகளை அடித்துச் சென்றது. மேட்டு நிலச் சாலைகள் கோடையில் மட்டுமே திறக்கும். இரயில் பாதையை வரைய வேண்டாம். 1856-இலேயே இரயில் புறப்பட்ட இராயபுரத்து மாணவர்கள் இதை நம்ப மறுப்பார்கள். ஆனால் ரெய்க்யவிக் துறைமுகம் கட்டக் கல் சுமந்த சிறு இரயிலைத் தவிர அங்கே பயணிகள் இரயிலே ஓடியதில்லை. இத்தனை குறைந்த மக்களுக்கு, இத்தனை நகரும் நிலத்தில், அது கட்டுப்படியாகாது. கெஃப்லவிக் பன்னாட்டு விமான நிலையத்தையும் ஐரோப்பாவுக்குச் செல்லும் கடலடிக் கம்பிவடங்களையும் குறித்தால் தாள் நிறைந்துவிடும். 2010-இல் ஐந்து லட்சத்தை எட்டாத வெளிநாட்டுப் பயணிகள் 2018-இல் 23 லட்சத்தைத் தாண்டினார்கள். வருவாயில் மீனையும் அலுமினியத்தையும் சுற்றுலா முந்தியது பெரும்பாலும் இந்த ஒரே விமான நிலையம் வழியாகத்தான்.

இனி எண்களுக்கு வரலாம். 2008 அக்டோபரில் மூன்று பெரிய வங்கிகள் சில நாள்களுக்குள் வீழ்ந்ததையும், அவற்றின் சொத்து நாட்டின் ஆண்டு உற்பத்தியைப்போல் பத்து மடங்கு அளவுக்கு ஊதியிருந்ததையும், அதன்பின் பணம் நாட்டைவிட்டு வெளியேறாமல் தடுக்க 2017 வரை நீடித்த மூலதனக் கட்டுப்பாடுகளையும் ஓரத்தில் எழுதுங்கள். வங்கித் தொழிலுக்கு எந்தத் தாளிலும் இடமில்லாமல் ஓரத்தில் எழுத வேண்டியிருப்பதை மாணவர்களே கவனித்துச் சொல்வார்கள். இந்தியா ஐஸ்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளுடன் 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட வணிக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வில் கேட்கப்படக்கூடிய செய்தி.

ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்த ஆண்டுக்குரியது என்று எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள். ஐஸ்லாந்துப் புள்ளியியல் துறையின் இணையதளம் ஆங்கிலத்திலும் இருப்பதால், நூலகக் கணினியில் அரை மணி நேரத்தில் சரிபார்த்துவிடலாம். மீன்பிடி அளவுகளைச் செப்டம்பரில் ஒருமுறை பார்க்க வேண்டும். 2023 நவம்பரில் ஊரையே காலி செய்ய வேண்டியிருந்த கிரிண்டவிக் மீன்பிடி நகரைச் சுற்றி அதே ஆண்டு டிசம்பர் முதல் எரிமலை திரும்பத் திரும்பக் கக்கியிருப்பதால், 2024 பிப்ரவரியில் எரிகுழம்பு சுடுநீர்க் குழாயைத் துண்டித்துப் பல்லாயிரம் பேரைக் குளிரில் விட்டதால், ரெய்க்யனஸ் பகுதியைப் பழைய நிலப்படத்தை வைத்து வரையாதீர்கள். அங்கே சாலையும் குழாயும் இடம் மாறியிருக்கக்கூடும்.