ஸ்டீவ் கெர்ரா, ஸ்டீபன் கர்ரியா: த்ரீ பாயின்டர் திறனைச் சரியாக ஒப்பிடும் முறை

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், 1994-95 சீசனில் சிகாகோ புல்ஸின் ஸ்டீவ் கெர் எறிந்த த்ரீ பாயின்டர்களில் (தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும், மூன்று புள்ளி தரும் ஷாட்களில்) 52.4 சதவீதம் கூடைக்குள் விழுந்தன. 2015-16இல், அதே கெர் பயிற்சியாளராக இருந்த கோல்டன் ஸ்டேட் அணியில், ஸ்டீபன் கர்ரியின் கணக்கு 45.4 சதவீதம். இதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் கெர்தான் மேல் என்றாகும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

முதலில் சதவீதத்தை ஒதுக்கிவிட்டு, போட்டது எத்தனை, எறிந்தது எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள். கெர்: 170க்கு 89. கர்ரி: 886க்கு 402. பக்கத்திலேயே அந்தந்த சீசனின் லீக் சராசரியையும், அதாவது எல்லா ஆட்டக்காரர்களின் மொத்த த்ரீ சதவீதத்தையும், குறியுங்கள்: 1994-95இல் 35.9, 2015-16இல் 35.4 சதவீதம். சராசரி இல்லாமல் இரு காலகட்டங்களை ஒப்பிடவே கூடாது. 1994-95 முதல் மூன்று சீசன்களுக்கு என்பிஏ த்ரீ பாயின்ட் கோட்டைக் கூடையிலிருந்து எல்லாப் பக்கமும் 22 அடிக்கு இழுத்து வைத்திருந்தது. அதற்கு முந்தைய சீசனில் 33.3 ஆக இருந்த லீக் சராசரி ஒரே தாவலில் ஏறியது அதனால்தான். இன்று கார்னரில் (மைதானத்தின் ஓர மூலைகளில்) மட்டுமே 22 அடி. வளைவில் 23 அடி 9 அங்குலம்.

இப்போது கணக்கு. எறிந்த எண்ணிக்கையை லீக் சராசரியால் பெருக்குங்கள். சராசரி ஆட்டக்காரர் ஒருவர் அத்தனை ஷாட்டில் எத்தனை போட்டிருப்பார் என்பது கிடைக்கும். அதை உண்மையில் போட்டதிலிருந்து கழித்து, மூன்றால் பெருக்குங்கள். கெருக்கு 89 கழித்தல் 61, அதாவது 28 ஷாட், 84 புள்ளி. கர்ரிக்கு 402 கழித்தல் 313.6, சுமார் 88 ஷாட், 265 புள்ளி. 2018-19இல் ஹூஸ்டன் ராக்கெட்ஸின் ஜேம்ஸ் ஹார்டன் 1,028 எறிந்து 378 போட்டார். லீக் சராசரி 35.5. அவருக்குக் கூடுதலாக வருவது 39 புள்ளிதான். நிறைய போடுவது வேறு, திறமையாகப் போடுவது வேறு என்பதை இந்த ஒரு கழித்தல் காட்டிவிடும்.

குறைவாக எறிந்தவரின் சதவீதத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். 170 ஷாட்டில் மூன்று நான்கு சதவீதம் மேலோ கீழோ போவது சகஜம். இதைச் சமன்செய்ய ஒவ்வொருவர் கணக்கிலும் லீக் சராசரியில் 200 ஷாட் சேர்த்துப் பாருங்கள். 200 என்பது நாமே வைத்துக்கொள்ளும் அளவு. வேறு எண்ணும் வைக்கலாம், ஆனால் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கெருக்கு 370க்கு 160.8, கர்ரிக்கு 1,086க்கு 472.8. இரண்டுமே 43.5 சதவீதம்! ஏழு சதவீத இடைவெளி மொத்தமாகக் கரைந்துவிட்டது.

அடுத்தது ஷாட்டின் தன்மை. எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. பாஸ் வாங்கியதும் எறிவது எளிது. டிரிபிள் செய்துகொண்டே (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே) வந்து, ஒரு எட்டு பின்வாங்கி எறிவது கடினம். ஹார்டனின் த்ரீக்களில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. 2013-14 முதல் என்பிஏவின் தளத்தில் இந்தப் பிரிவும், டிஃபெண்டர் (தடுக்கும் எதிரணி ஆட்டக்காரர்) எத்தனை அடி தள்ளி நின்றார் என்பதும் கிடைக்கின்றன. 6 அடிக்கு மேல் இடைவெளி இருந்தால் முழுத் திறந்த ஷாட். ஒரே வகை ஷாட்டை ஒரே வகையோடு மட்டும் வைத்துப் பாருங்கள். கெரின் காலத்துக்கு இந்தத் தரவு கிடையாது, அதனால் அங்கே மேலே சொன்ன கணக்கோடு நின்றுவிட வேண்டியதுதான்.

கவனிக்காமல் விட்டால் கணக்கைக் கெடுப்பவை இரண்டு. குவார்ட்டர் (ஆட்டத்தின் கால் பகுதி) முடியும் நொடியில் பாதி மைதானத்திலிருந்து வீசும் ஷாட்கள் முன்பு ஆட்டக்காரர் கணக்கிலேயே ஏறின. கர்ரி போலத் தயங்காமல் வீசுபவருக்கு அது நஷ்டம். முடிந்தால் அவற்றை நீக்கிவிடுங்கள். இன்னொன்று, எறியும்போது ஃபவுல் வாங்கித் தவறிய ஷாட் முயற்சியாகவே பதிவாகாது. ஆனால் மூன்று ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் எறியும், தலா ஒரு புள்ளி தரும் வாய்ப்பு) கிடைக்கும். ஹார்டனின் பலமே அதுதான், த்ரீ சதவீதத்தில் அது தெரியவே தெரியாது. அவரைப் போன்றவரை எடைபோடும்போது அந்த ஃப்ரீ த்ரோ புள்ளிகளைத் தனி வரியில் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.