பலிபீடத்து மைக்கும் ஓட்டும்: தேர்தல் நேரத்தில் கிறிஸ்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு திருப்பலி முடிந்து அறிவிப்பு நேரம். புதன்கிழமை அன்பியக் கூட்டம் (அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுவது), மூன்று மணிக்கு மறைக்கல்வி, யாரோ விட்டுப்போன மூக்குக்கண்ணாடி கோயில் அலுவலகத்தில் இருக்கிறது. அப்புறம் அதே மைக்கில், "நம்ம ஆள் ஒருத்தர் வந்திருக்கார், ரெண்டு வார்த்தை பேசுவார்." மக்களவைத் தேர்தல் நெருங்கும்போது கன்னியாகுமரிப் பக்கம் இந்தக் காட்சி யாருக்கும் புதிதல்ல. முதல் தவறும் இதுதான்.

வழிபாட்டு இடத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதியே சொல்கிறது. அதைவிடக் கடுமையானது, மத நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1988-ஆம் ஆண்டுச் சட்டம். 5 ஆண்டு வரை சிறை. வேட்பாளர் கைகூப்பிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார். கோயில் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் மாட்டிக்கொள்வார்.

"இவருக்குப் போடாவிட்டால் ஆண்டவருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டிவரும்" என்று ஜெபக் கூட்டத்தில் சிலர் சொல்வதுண்டு. தெய்வ கோபத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைத்து ஓட்டு வாங்குவதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு ஊழல் நடவடிக்கை என்கிறது. பஞ்சாபில் நாம்தாரி சீக்கிய குரு ஒருவர் தம் சீடர்களுக்கு இட்ட கட்டளையால் ஒரு வெற்றியே செல்லாமல் போனது. உச்ச நீதிமன்றம் 1959-இலேயே அதை உறுதிசெய்தது. வேட்பாளரின் சம்மதத்தோடு மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் போதும், அது வாக்காளரின் மதமாக இருந்தாலும் தவறுதான் என்று 2017 ஜனவரியில் 7 நீதிபதிகள் அமர்வு 4-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. ஆக, "நம்ம ஆள்" என்ற வார்த்தையால் அந்த ஆளுக்கே பதவி போகலாம்.

சுற்றறிக்கையிலும் கவனம் வேண்டும். அதே 2017-இல் குஜராத் சட்டமன்றத் தேர்தலுக்கு முன் காந்திநகர் பேராயர், தேசியவாத சக்திகளிடமிருந்து நாட்டைக் காக்க ஜெபிக்கும்படி கடிதம் எழுத, விளக்கம் கேட்டு மாவட்ட ஆட்சியரிடமிருந்து நோட்டீஸ் வந்தது. கவலை நியாயமானதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பேச்சு முழுக்கக் கடிதத்தைப் பற்றியே ஆகிப்போனது.

இதெல்லாம் சட்டத் தவறுகள். எனக்கு இன்னும் பெரிதாகப் படுவது கணக்குத் தவறு. 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். "பாதி ஓட்டு நம்ம கையில்" என்று சொல்லிக்கொண்டு கட்சி அலுவலகங்களுக்குப் பேரம் பேசப் போகிறார்கள். 2009-இல் தி.மு.க.வின் ஹெலன் டேவிட்சன் ஜெயித்த தொகுதியில் 2014-இல் பலமுனைப் போட்டி வந்தது, பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன் ஜெயித்தார். 2019-இல் காங்கிரசின் வசந்தகுமார். ஜனத்தொகை அதேதான். கடற்கரைக் கத்தோலிக்கர், உள்நாட்டு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை)காரர், பெந்தெகொஸ்தே சபையார் எல்லாரும் ஒரே பொத்தானை அமுக்குவார்கள் என்பது சபைத் தலைவர்களின் ஆசை. ஒக்கி புயலில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்கும் ரப்பர் தோட்டக்காரர் வீட்டுக்கும் கேள்விகள் ஒன்றாகவா இருக்கும்?

சரி, என்ன கேட்பது? "கிறிஸ்தவருக்கு ஒரு சீட்" என்பதோடு பெரும்பாலும் பட்டியல் முடிந்துவிடுகிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் 3-ஆம் பத்தியால் தலித் கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதிக்கு வெளியே நிற்கிறார்கள். தனித்தொகுதியில் போட்டியிடவும் முடியாது. அந்தக் கதவு 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்தது. இதைக் கடைசி வரியாக எழுதி, வேட்பாளர் நேரமில்லை என்றதும் விட்டுவிடுகிறோம். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்த்த சபைகள் இதை முதல் வரியாக எழுதத் தயங்குவதில் எனக்கு ஆச்சரியமில்லை.

சில்லறைத் தவறுகளும் உண்டு. அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இல்லாத நோட்டீஸ் அடிக்காதீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி அது குற்றம். எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் கீழ் வந்த வெளிநாட்டு நன்கொடைப் பணத்தில் வாங்கிய தொண்டு நிறுவன ஜீப்பில் கட்சிக்கொடியைக் கட்டாதீர்கள், ஒரு சாயங்காலத்துக்குக்கூட.

தேதி விஷயமும் அப்படித்தான். 2019-இல் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 18, புனித வெள்ளிக்கு முந்தைய நாளான பெரிய வியாழன். சபைப் பள்ளிக்கூடங்கள்தானே பல ஊரில் வாக்குச்சாவடி. பக்கத்திலேயே கோயிலில் பாதம் கழுவும் சடங்கு. தேதி அறிவித்த பிறகு நீதிமன்றம் போனார்கள், தேதி மாறவில்லை. 2029-இல் புனித வெள்ளி மார்ச் 30. தேர்தல் ஆணையத்துக்கு எழுத வேண்டியதை இப்போதே எழுதலாம்.

பட்டியலில் பேர் இல்லாதவரிடம் பிரசாரம் செய்வதைப் போல வீண்வேலை கிடையாது. 18 வயதான பிள்ளைகளுக்குப் படிவம் 6, இடம் மாறியவருக்குப் படிவம் 8. இதற்கு அன்பியக் கூட்டத்தில் அரை மணி நேரம் போதும், எந்தச் சட்டமும் தடுக்காது. ஆனால் குமரிக் கடற்கரையில் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகளுக்கு அரை மணி நேரம் போதாது. கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் ஒரு தங்கலுக்குப் போனால் கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், தபால் ஓட்டும் அவர்களுக்குக் கிடையாது. 2024-இல் அட்டவணை வந்தது மார்ச் 16, வாக்குப்பதிவு ஏப்ரல் 19. நடுவில் 34 நாள். மார்ச் 15-இல் கிளம்பிய படகு நாற்பது நாள் தங்கிவிட்டு வரும்போது கரையில் எல்லாம் முடிந்திருக்கும். கோயில் நிர்வாகத்தில் மக்கள் பங்கெடுக்கும் பங்குப் பேரவை முதலில் பேச வேண்டியது வேட்பாளரிடம் இல்லை, படகு உரிமையாளரிடம்.