நகரக் குடிநீருக்கு அவசரகாலத் திட்டம்: முதல் வரைவு எழுதுவது எப்படி?

குடிநீர் அவசரத் திட்டம் என்றதும் பலர் வறட்சியைப் பற்றித்தான் எழுதத் தொடங்குகிறார்கள். வறட்சி மாதக்கணக்கில் சொல்லிவிட்டு வருவது. நள்ளிரவில் மின்சாரம் போவதும் பிரதான குழாய் உடைவதும் சொல்லிவிட்டு வருவதில்லை. அதனால் முதல் வரைவை அந்த முதல் 72 மணி நேரத்துக்கு எழுதுங்கள்.

படி 1: வரைபடம்

நீர் எடுக்கும் இடம், சுத்திகரிப்பு நிலையம், நீரேற்று நிலையம், மேல்நிலைத் தொட்டிகள், வால்வுகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் வரையுங்கள். ஒவ்வொன்றாக விரல் வைத்து, "இது நின்றால் எந்தப் பகுதியில், எத்தனை மணி நேரத்தில் குழாய் வறளும்?" என்று கேளுங்கள். மாற்று வழி இல்லாத இடங்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். வால்வுகளை மட்டும் நேரில் போய்த் திருகிப் பார்த்தே ஆகவேண்டும். ஆண்டுக்கணக்கில் தொடாத வால்வு துருவேறி இறுகியிருக்கும். சில, சாலை போட்டபோது தாருக்கடியில் மறைந்திருக்கும்.

படி 2: லாரிக் கணக்கு

"லாரியில் கொடுத்துவிடலாம்" என்று சொல்வது எளிது. போட்டுப் பாருங்கள். பேரிடர் நிவாரணத்துக்கான ஸ்ஃபியர் தரநிலை, குடிக்க, சமைக்க, கழுவ என ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்கிறது. 2 லட்சம் பேருக்கு 30 லட்சம் லிட்டர். 10,000 லிட்டர் லாரிக்கு 300 நடை. ஒரு லாரி ஆறு நடை போனால் 50 லாரிகள். ஒன்றை நிரப்பப் பதினைந்து நிமிடம் என்றாலும், மொத்தம் 75 மணி நேரம்! இரவு பகலாக ஓட்டினாலும் குறைந்தது நான்கு நிரப்புமிடங்கள் வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் லாரிகளை எண்ணிவிட்டு இதை மறந்துவிடுகின்றன.

படி 3: யாருக்கு முதலில்?

மருத்துவமனைகள், தீயணைப்பு நிலையங்கள். டயாலிசிஸ் மையங்களைத் தனியே குறியுங்கள். ஒரு நோயாளிக்கு ஒரு முறைக்கே 120 லிட்டருக்கு மேல் தேவைப்படும்.

படி 4: மின்சாரம்

ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்டால் போதாது. பம்பை உண்மையிலேயே அதில் ஓட்டிப் பாருங்கள். டீசல் எத்தனை மணி நேரத்துக்கு வரும், மீண்டும் யார் கொண்டுவருவார்கள் என்பதையும் எழுதுங்கள்.

படி 5: தரம்

குழாயில் அழுத்தம் விழுந்தால், கசிவுகள் வழியாக வெளியிலுள்ள அழுக்கு நீர் உள்ளே புகும். ஆகவே தண்ணீர் திரும்பியதும் குழாய்களைத் திறந்துவிட்டுக் கழுவ வேண்டும். பிறகு கடைக்கோடிக் குழாயில் குளோரின் எச்சத்தை, அதாவது கிருமியைக் கொல்லக் கலந்த குளோரினில் மிச்சமிருப்பதை, அளக்க வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. தொற்று அபாயம் இருந்தால் 0.5 இருப்பது நல்லது.

படி 6: அறிவிப்புகள்

மூன்றை இப்போதே எழுதிவையுங்கள்: "காய்ச்சிக் குடியுங்கள்", "குடிக்காதீர்கள், காய்ச்சியும் பயனில்லை", "எதற்கும் பயன்படுத்தாதீர்கள்". எல்லாவற்றுக்கும் முதலாவதையே வெளியிடும் பழக்கம் ஆபத்தானது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில், ஈரி ஏரியின் பாசி நச்சு குடிநீரில் கலந்தது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் காய்ச்ச வேண்டாம் என்றே சொன்னார்கள். காய்ச்சினால் நீர் ஆவியாகி நச்சின் செறிவு கூடும்.

படி 7: ஒத்திகை

தொலைபேசிப் பட்டியலில் பதவிப் பெயர் மட்டும் போதாது; ஆளின் பெயரும் மாற்று ஆளின் எண்ணும் வேண்டும். ஒரு விடுமுறை நாள் இரவில், முன்னறிவிப்பின்றி, அந்த எண்களை எல்லாம் அழைத்துப் பாருங்கள். எடுக்காத எண்களை மறுநாளே மாற்றுங்கள்.